கூவுவதற்கு வந்த பறவை

2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழிகள் எல்லை தாண்டுவதைத் தடுத்தால்தான் உள்ளூர்த் தட்டுப்பாடு தீரும் என்று அரசு கணக்குப் போட்டது. சிங்கப்பூரில் கோழிச்சோறு விற்பவர்கள் கையைப் பிசைந்தார்கள். தீபகற்பம் முழுக்க அப்போது கிலோவுக்கு 8 ரிங்கிட் 90 சென் என்று உச்சவரம்பு விலை இருந்தது. கோழி என்றால் கறி, கறி என்றால் விலை என்று நாடே பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று கோழி எங்கே, எப்போது வீட்டுப் பறவையானது என்பதைப் பற்றியது. மற்றொன்று அது ஐரோப்பாவுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் பழக்கத்துக்கு நேர்மாறான ஒரு சித்திரம் கிடைக்கிறது. மனிதன் கோழியைக் கறிக்காகத் தேடிப் போகவில்லை. கோழி நம் வரலாற்றுக்குள் சேவலாக நுழைந்தது. கூவவும் சண்டையிடவும் சாமிக்கு நேரவும்தான் அதை வைத்திருந்தார்கள். பெட்டையின் காலம் பின்னால் வந்தது. அந்த மாற்றத்தை நாள் குறித்துக் காட்டும் அளவுக்குச் சான்று இருப்பது கிரேக்க, ரோமானிய உலகத்தில்தான். ஆனால் சான்றைப் படிக்கும் கண்ணைக் கேமரன் மலையின் தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்துத் தமிழர் வழக்கமே நமக்குத் தருகிறது.

தொடக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். சிந்துவெளியில் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கோழி இருந்தது என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. சீனாவில் அதற்கும் முன்பே இருந்தது என்று வாதிட்டவர்களும் உண்டு. 2022-இல் வந்த முதல் கட்டுரை, 89 நாடுகளில் 600-க்கும் மேற்பட்ட அகழாய்வு இடங்களின் எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தது. ஐயமில்லாமல் வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தின் பான் நோன் வாட்டில் கிடைத்தவை, காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடையில். நெல்லும் தினையும் புன்செய்யில் விளைந்த காலம் அது. காட்டோரத்துக் கதிரும் சிந்திய தானியமும் காட்டுக்கோழியை ஊர்ப்பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எந்தக் காட்டுக்கோழி என்ற கேள்விக்கு 2020-இல் 863 பறவைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு விடை சொல்லியிருந்தது: செங்காட்டுக்கோழியின் துணையினங்களில் 'ஸ்பாடிசியஸ்' எனப்படுவது. தென்மேற்குச் சீனம், மியன்மார், தாய்லாந்து வழியாக மலாயாத் தீபகற்பம் வரை பரவியிருக்கும் இனம் இது. மலாய்க்காரர்கள் 'ஆயாம் ஹுத்தான்' என்று சொல்வதும் இதைத்தான். தமிழகத்துக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வேறு இனம். பிற்காலக் கலப்பில் அது வீட்டுக்கோழிக்கு மஞ்சள் தோலுக்கான மரபணுவைக் கொடுத்தது. ஆக, உலகத்துக் கோழிகள் எல்லாவற்றுக்கும் மூதாதையின் உறவுக்காரன் பகாங்கின் மலையடிவாரக் காடுகளிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் இன்றும் கூவிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது கட்டுரை இன்னும் கறாரானது. ஐரோப்பாவிலும் வடமேற்கு ஆப்பிரிக்காவிலும் மிகப் பழையவை என்று கருதப்பட்ட 23 கோழி எலும்புகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தினார்கள். 18 எலும்புகள் சொல்லப்பட்ட காலத்தைவிட மிகப் பிந்தியவையாக வந்தன. கோழி எலும்பு சிறியது. எலி வளையிலும் வேர்த்துளையிலும் நழுவிக் கீழடுக்குக்குப் போய்விடும். அடுக்கின் வயதைப் பறவைக்குக் கொடுத்ததால் வந்த பிழை இது. புதிய கணக்குப்படி மத்தியதரைக் கடல் ஐரோப்பாவில் கோழி தலைகாட்டுவது கி.மு. 800 வாக்கில். இது இலக்கியத்தோடும் பொருந்துகிறது. ஹோமரின் காவியங்களில் ஆடும் மாடும் பன்றியும் வெட்டுப்படாத பக்கம் குறைவு, ஆனால் எவர் விருந்திலும் கோழி கிடையாது. கி.மு. 414-இல் அரங்கேறிய 'பறவைகள்' நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் சேவலைப் 'பாரசீகப் பறவை' என்றே குறிக்கிறார். வந்து பல தலைமுறை கடந்த பிறகும் அதன் பெயரில் அயல்நாட்டு வாசனை போகவில்லை.

அந்த நாடகாசிரியரே இன்னொரு சான்றையும், தான் அறியாமல், விட்டுச்சென்றிருக்கிறார். கிரேக்கத்தில் சேவலுக்கும் பெட்டைக்கும் ஒரே சொல்தான் வழங்கியது. 'மேகங்கள்' நாடகத்தில் சாக்ரட்டீஸ் பாத்திரம் இதைப் பிடித்துக்கொண்டு, பெட்டைக்குத் தனிச்சொல் வேண்டாமா என்று கேலியாக ஒன்றை உருவாக்கிக் கொடுக்கிறது. மக்கள் பேச்சில் இருவருக்கும் பொதுவாய் நின்றது சேவலின் பெயர். லத்தீனில் பெட்டையைக் குறிக்கும் 'கல்லீனா' என்ற சொல், சேவலைக் குறிக்கும் 'கல்லுஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. தமிழுக்கு வாருங்கள். இன்று 'கோழி' என்றதும் நம் மனதில் நிற்பது முட்டையிடும் பெட்டை, அல்லது தட்டில் இருக்கும் துண்டு. ஆனால் முருகனுக்குக் கோழிக்கொடியோன் என்று பெயர். கொடியில் இருப்பது சேவல். சோழர் தலைநகர் உறையூருக்குக் கோழி என்று பெயர். யானையை எதிர்த்து வென்ற சேவலால் வந்த பெயர் என்பது தலபுராணம். பெட்டை கூவாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் 'கோழி கூவிருச்சு' என்றுதான் லயத்துப் பாட்டிகள் சொல்வார்கள். சொற்கள் சோம்பேறிகள், பழைய பொருளை எளிதில் விடமாட்டா. சேவல் முந்தி, பெட்டை பிந்தி என்ற வரிசையை மூன்று வெவ்வேறு மொழிச் சமூகங்கள் தம் சொற்களுக்குள் இப்படிப் பூட்டி வைத்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதற்காகச் சேவல்? முதல் காரணம் குரல். அரிஸ்டோபனீஸின் நாடகத்தில் சேவலின் குரல் கேட்டதும் கொல்லரும் குயவரும் தோல் பதனிடுவோரும் செருப்புத் தைப்போரும் இருட்டோடு எழுந்து வேலைக்கு ஓடுகிறார்கள். ரோமானியர் இரவைப் பகுத்தபோது ஒரு பகுதிக்குச் 'சேவல் கூவும் வேளை' என்றே பெயரிட்டார்கள். இது வெறும் கவித்துவப் பெயர் என்று தள்ள முடியாது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-இல் நடந்த சோதனையில் சேவல்களை மாறாத மங்கல் வெளிச்சத்தில் அடைத்து வைத்தார்கள். விடியலே இல்லாத அந்த அறையிலும் அவை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கூவின. வெளிச்சம் வந்து சேவலை எழுப்புவதில்லை, உடலுக்குள் ஓடும் கடிகாரம் அதை விடியலுக்கு முன்பே உசுப்பிவிடுகிறது. அதே குழு 2015-இல் இன்னொன்றையும் கண்டது: கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை அந்தஸ்து வரிசைப்படி பின்தொடரும். கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபின் அங்கே உழைத்த தமிழர்களுக்கு இந்த வரிசையை விளக்கத் தேவையிருந்திருக்காது. மலையில் வெயில் ஏறுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். அங்கேயும் பெரியவர் குரல் முதலில், மற்றவர் குரல் பிறகு. கடிகாரம் வாங்கும் வசதி இல்லாத வீட்டில் சேவல் கறியாகிவிட்டால் நஷ்டம் ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிவதில்லை. ஏதென்ஸ் குயவனுக்கும் அதே கணக்குதான்.

இரண்டாவது காரணம் சண்டை. இங்கே கிரேக்கருக்கும் தமிழருக்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டும். சண்டைக்கு முன் சேவலுக்குப் பூண்டு கொடுத்தால் வெறி ஏறும் என்று கிரேக்கர் நம்பியதை செனபோன் எழுதியிருக்கிறார். காலில் வெண்கல முள் கட்டும் வழக்கமும் அங்கே இருந்தது. நம்மவர் கத்திக்கட்டு என்பதன் உறவு அது. ஏதென்ஸ் போட்டிகளில் பரிசாக எண்ணெய் நிரப்பிக் கொடுத்த ஜாடிகளில் அத்தேனா தேவியின் இருபுறமும் தூண்கள், தூண் உச்சியில் சேவல்கள். சிசிலித் தீவின் ஹிமேரா நகரம் தன் வெள்ளிக் காசில் சேவலைப் பொறித்தது. தமிழகத்திலோ காசைத் தாண்டிக் கல்லுக்கே போய்விட்டார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று நிற்கிறது. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு எடுப்பது போன்ற கல்தான், ஆனால் அதில் செதுக்கியிருப்பது சேவல். முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்டு மாண்ட கோழி அது என்று பழைய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல், கீழ்ச்சேரிக் கோழிக்குப் 'பொற்கொற்றி' என்று பெயரே தருகிறது. சேரியும் சேரியும் மோதிய மோதலில் ஊர்மானத்தைச் சுமந்தது சேவலின் கால். கவனியுங்கள், அந்தக் கல்லிலும் சொல் 'கோழி'தான். இதற்கு நேரெதிர்க் காட்சியைக் குறுந்தொகையில் ஒரு புலவர் வைக்கிறார்: குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் மோதுகின்றன, மூட்டிவிடவும் விலக்கவும் எவரும் இல்லை. அந்த உவமையால் அவருக்குக் குப்பைக்கோழியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. கேட்பாரற்ற சண்டை என்று அவர் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கேட்பார் கூடி நின்று பார்த்த சண்டைகள் ஊரறிந்தவையாக இருந்தன என்பதே.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் குறுக்கிடுவார். நாடகம், ஜாடி, காசு, நடுகல் எல்லாம் பார்க்க வேண்டும் என்று செய்யப்பட்டவை. அன்றாடச் சட்டியில் கொதித்ததை யார் கல்லில் வடிப்பார்கள்? சண்டையில் தோற்ற சேவலைக் குழம்பு வைக்காமல் புதைத்தார்களா? நியாயமான கேள்வி. பாதி விடை எலும்பிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய கோழிகளில் பல, வெட்டுக்காயம் இல்லாமல் முழு உடலாகப் புதைக்கப்பட்டவை. கறிக்கு ஏற்ற வயதைக் கடந்து வாழ்ந்தவை. பிரிட்டானியர் கோழியையும் முயலையும் பெருவாத்தையும் உண்பதைப் பாவமாகக் கருதி, விருப்பத்துக்காக மட்டும் வளர்த்ததாக ஜூலியஸ் சீசர் எழுதுகிறார். மறுபாதியில் கேள்வி கேட்பவர் பக்கம் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிரேக்கர் கோழியைச் சாப்பிட்டார்கள். ஹெரோந்தாஸ் என்ற கவி கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எழுதிய குறுநாடகம் ஒன்றில், ஏழைப் பெண்கள் இருவர் மருத்துவக் கடவுள் அஸ்கிளேபியஸின் கோயிலுக்குச் சேவலோடு வருகிறார்கள். மாடு நேரக் காசில்லை, சேவல்தான் முடிந்தது என்று சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். பலி முடிந்ததும் பறவையின் ஒரு கால் கோயில்காரருக்கு, மீதி வீட்டுக்கு. சாக்ரட்டீஸ் கி.மு. 399-இல் நஞ்சருந்திச் சாகும் நேரத்தில் நினைவுபடுத்திய கடனும் இதே கடவுளுக்கு நேர்ந்த சேவல்தான். தோட்டத்து முனியாண்டி கோயிலை அறிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் தீர்ந்தால் சேவல் அறுக்கிறேன் என்று வேண்டுதல், தீர்ந்ததும் அறுப்பு, பூசாரிக்குப் பங்கு, மீதி குழம்பாகிப் படையலுக்கும் பிறகு பந்திக்கும் வரும். அந்தச் சேவல் உணவா, நேர்ச்சையா என்று பிரித்துக் கேட்டால் எவரும் சிரிப்பார்கள். ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன்: வயிற்றுக்குப் போவது பல சேவல்களின் முடிவாக இருந்தது, ஆனால் வளர்த்ததற்குக் காரணம் அது இல்லை. காரணம் மாறிய நாளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், எத்தனை கோழி தின்றார்கள் என்று எண்ணிப் பயனில்லை. எத்தனை சேவலுக்கு எத்தனை பெட்டை என்று எண்ண வேண்டும். சண்டைக்கும் கூவலுக்கும் வளர்ப்பவர் ஆண்களை வைத்துக்கொள்வார். முட்டைக்கும் கறிக்கும் வளர்ப்பவருக்கு ஆண் அதிகமானால் தீனிச் செலவுதான் மிச்சம்.

அந்த எண்ணிக்கை இன்றைய இஸ்ரேலில் உள்ள மரேஷா என்ற ஹெலனிய நகரத்தில் கிடைத்தது. கி.மு. 4 முதல் 2 வரையான நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழி எலும்புகள். சேவலின் காலெலும்பில் முள் இருக்கும். முட்டையிடும் பெட்டையின் எலும்புக்குள், ஓட்டுக்கான சுண்ணாம்பைச் சேமிக்கும் தனித்திசு இருக்கும். இப்படிப் பிரித்து எண்ணியபோது பெட்டைகள் சேவல்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலும்புகளில் கத்தித் தடங்களும் இருந்தன. கிழக்காசியாவுக்கு வெளியே கோழியைப் பெருமளவில் உணவுக்காக வளர்த்ததற்கான மிகப் பழைய உறுதியான சான்றுகளில் ஒன்று இது. அதே காலத்தையொட்டி கிரேக்க அறிவியலிலும் பெட்டைகள் மலிந்ததன் தடயம் தெரிகிறது. ஹிப்போக்ரட்டீஸ் மரபின் மருத்துவ நூலொன்று, 20 முட்டைகளைப் பெட்டைகளிடம் அடைக்கு வைத்து நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்க்கச் சொல்கிறது. அரிஸ்டாட்டில் மூன்று நாள் கழிந்த முட்டைக்குள் துடிக்கும் ரத்தப் புள்ளியைக் கண்டு, அதுதான் இதயம் என்று எழுதினார். கருவியலின் முதல் பாடம் இது. சண்டைச் சேவல் மட்டுமே இருந்த ஊரில் 20 முட்டைகளை உடைத்து விளையாட யாருக்கு மனம் வந்திருக்கும்?

ரோமுக்கு வரும்போது பெட்டை சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. பெட்டைக்கோழியைக் கொழுக்க வைக்கும் வித்தையை டெலோஸ் தீவினர் தொடங்கிவைத்தார்கள் என்கிறார் பிளினி. ஆடம்பரம் கட்டுமீறுகிறது என்று கி.மு. 161-இல் ஃபான்னியுஸ் சட்டம் வந்தது: விருந்தில் ஒரே ஒரு பெட்டை, அதுவும் கொழுக்க வைக்காதது. உடனே ரோமானியர் சேவல்களைப் பாலில் ஊறிய தீனி கொடுத்துக் கொழுக்க வைத்தார்களாம், சட்டத்தில் பெட்டை என்றுதானே இருக்கிறது! சட்டம் போட்டவர் மனதில் உணவுக்கோழி என்றால் பெட்டை என்பது அவ்வளவு இயல்பாகப் பதிந்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண் நூல் எழுதிய கொலுமெல்லா கணக்கைத் துல்லியமாக்குகிறார். ஒரு வேலையாள் 200 கோழி வரை பார்த்துக்கொள்ளலாம். உள்நாட்டுச் சேவல் ஒன்றுக்குப் பெட்டை ஐந்து. சண்டைக்குப் பெயர்போன ரோட்ஸ், மீடியா இனங்களில் மூன்று போதும், அவற்றின் கவனம் பெட்டையில் இல்லை. கிரேக்கர் சண்டைச் சேவலில் காட்டிய மோகத்தை அவர் மெச்சவில்லை. பண்ணைக்காரருக்கு வேண்டியது வரவு என்பது அவர் கட்சி. கோழி எச்சத்தைக்கூட அவர் வீணாக்கவில்லை, எருக்களில் புறா எச்சத்துக்கு அடுத்த இடம் அதற்கு. கேமரன் மலையின் முட்டைக்கோசுத் தோட்டங்களில் கோழி எரு கொட்டி, தானா ராத்தா வரை ஈ மொய்க்கிறது என்று புகார் எழும்போதெல்லாம் கொலுமெல்லா சிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு மறுப்பு. பெட்டையின் காலம் தொடங்கியபின் சேவலின் மதிப்பு மறைந்ததா? இல்லையே. ரோமானியப் படை கூண்டில் புனிதக் கோழிகளைச் சுமந்து போனது. தீனியை ஆவலாகக் கொத்திச் சிந்தினால் நற்சகுனம். கி.மு. 249-இல் த்ரெபானா கடற்போருக்கு முன் அவை தின்ன மறுத்தபோது, தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று தளபதி கிளாடியுஸ் புல்க்கர் கடலில் வீசினார் என்பது கதை. அந்தப் போரில் ரோம் 93 கப்பல்களை இழந்தது. கூண்டில் பட்டினி கிடந்த பறவை தீனியைச் சிந்தாமல் வேறென்ன செய்யும் என்று பின்னாளில் சிசரோ கிண்டலடித்தார். சோதனையை நடத்துபவரே முடிவை வளைக்கிறார் என்ற அறிவியல் எச்சரிக்கையின் பழைய வடிவம் அது. ஆக, பயன்கள் ஒன்றையொன்று துரத்திவிடவில்லை, ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ரோம் வீழ்ந்தபின் ஐரோப்பாவில் கோழி மறுபடி சிறுத்துப் பின்தங்கியது. 2017-இல் வந்த மரபணு ஆய்வின்படி, சண்டைக்குணத்தைத் தணித்து முட்டையிடலை விரைவுபடுத்துவதாகக் கருதப்படும் ஒரு மரபணு மாற்றம் ஐரோப்பியக் கோழிகளில் கி.பி. 920 வாக்கில்தான் வேகமாகப் பரவத் தொடங்கியது. நாற்கால் விலங்கின் கறியை விலக்கிய கிறிஸ்தவ நோன்பு விதிகள் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறது அந்த ஆய்வு. கோழியின் உடலுக்குள் பெட்டை முழுதாக வென்றது அப்போதுதான், மரேஷாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு. மலேசியாவில் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் சேவல் சண்டையைத் தடை செய்கிறது; கூவும் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. பிரிஞ்சாங்கின் தெண்டாயுதபாணி கோயிலில் வீற்றிருப்பவரின் கொடியில் மட்டும் சேவல் பழைய பதவியில் இருக்கிறது.

காட்டில் இருக்கும் மூதாதைக்குத்தான் இப்போது சிக்கல். 2023-இல் வெளியான ஆய்வொன்று, சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முன் சேகரித்த காட்டுக்கோழி மாதிரிகளையும் இன்றையவற்றையும் ஒப்பிட்டது. இன்றைய செங்காட்டுக்கோழிகளின் மரபணுத் தொகுதியில் 20 முதல் 50 விழுக்காடு வரை வீட்டுக்கோழியின் பங்கு கலந்துவிட்டது. நோயையும் பருவநிலை மாற்றத்தையும் தாங்க நாளை உலகத்துப் பண்ணைக்கோழிக்குப் புது மரபணு தேவைப்பட்டால் தேடி வர வேண்டிய கிடங்கு இந்தக் காடுதான். அதில் இப்போது நம் வீட்டுக் கோழியே புகுந்து கலந்துகொண்டிருக்கிறது. காட்டோரத்தில் கம்பத்துக் கோழி வளர்ப்பவர்கள் சேவல்களையாவது வேலிக்குள் வைத்திருங்கள்.